டம்மி டக் பண்ணின பிறகு கர்ப்பமானா என்ன ஆகும்?

டம்மி டக்ங்கிற ஆபரேஷன்ல வயித்துத் தசையை இறுக்கித் தெச்சாச்சு, தொங்கின தோலை வெட்டி எடுத்தாச்சு. அடுத்த வருஷமே டெஸ்ட்ல ரெண்டு கோடு! குழந்தை வளர இடம் இருக்குமா? தையல் பிரிஞ்சிடுமா?

பயப்படாதீங்க, இடம் இருக்கும். டம்மி டக் ஆபரேஷன் கர்ப்பப்பையைத் தொடுறதே இல்ல. தோல், கொழுப்பு, தசைக்கு மேல இருக்கிற உறை, அதோட சரி.

(அனிமேஷன்: வயிற்றின் அடுக்குகள்)

வயித்து நடுவுல மேலிருந்து கீழா ரெண்டு நீளத் தசை இருக்கு. கர்ப்பத்துல ரெண்டும் விலகும். பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்குத் தானா கிட்ட வந்துடும், சிலருக்கு வராது, வயிறு தள்ளிக்கிட்டே இருக்கும். அவங்களைப் பார்த்து "சோத்தைக் குறை"ன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபமே வரும். விலகின தசை பட்டினி கிடந்தா சேராதுங்க!

இந்தத் தசையைச் சேர்த்துத் தெக்கிற டம்மி டக்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன், அதான் தொப்புள். அடிவயித்துல இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் வெட்டி, தோலை விலா எலும்பு வரை பிரிச்சுத் தூக்குவாங்க. ஆனா தொப்புள் அந்தத் தோலோட சேர்ந்து வராது! அதைச் சுத்தி வட்டமா வெட்டி, அடித்தண்டோட இருந்த இடத்துலயே விட்டுடுவாங்க. தசையைத் தெச்சதும் மேல்தோலைக் கீழ இழுத்து, மிச்சத்தை வெட்டிடுவாங்க. இப்போ தொப்புளே காணோம், தோலுக்கு அடியில மறைஞ்சு கிடக்கு. சட்டைக்குக் காஜா போடுற மாதிரி புதுசா ஒரு துளை போட்டு, அதை வெளிய எடுத்துத் தைப்பாங்க. ஆக, தொப்புள் பழசுதான், அதைச் சுத்தி இருக்கிறது மேல்வயித்துத் தோல். என்ன ஒரு கைவேலை!

சரி, மறுபடி கர்ப்பமானா? தோல் திரும்ப விரியும், தெச்ச தசை திரும்ப விலகலாம். செலவழிச்ச காசும், பட்ட வலியும் வீணாகலாம். அதனாலதான் இனி குழந்தை வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க செஞ்சுக்கிறது நல்லதுன்னு சர்ஜன்கள் சொல்றாங்க. அதுவும் கடைசிப் பிரசவம் முடிஞ்சு குறைஞ்சது 6 மாசம் போகணும், தாய்ப்பால் நிறுத்தியிருக்கணும், எடை ஒரே அளவுல நிக்கணும்.

"சிசேரியனோட சேத்தே பண்ணிடலாமே"ன்னு யாராவது சொன்னா, தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. அப்போ கர்ப்பப்பை பெருசா இருக்கும், தோல் வீங்கியிருக்கும், எவ்வளவு வெட்டணும்னே சரியா கணிக்க முடியாது. பிரசவ நேரத்துல கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையிற ஆபத்து ஏற்கெனவே அதிகம், நீளமான ஆபரேஷன் அதை இன்னும் கூட்டும்.

ஏற்கெனவே டம்மி டக் பண்ணிட்டு இப்போ மாசமா இருக்கீங்களா? முதல் செக்கப்லயே மகப்பேறு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. சுகப்பிரசவமும் ஆகலாம், தேவைப்பட்டா சிசேரியனும் பண்ணலாம். வேற சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோல பேசுறேன்.