பிரேக் இல்லாத வண்டியும் ஒரே இரவுப் பட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்தார்கள். கிரிக்கெட்டோ கால்பந்தோ என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஸ்பீட்வே. நம்மில் பெரும்பாலோர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத மோட்டார் சைக்கிள் பந்தயம். இங்கிலாந்து, போலந்து, சுவீடன், டென்மார்க் நாடுகளில் மூன்று தலைமுறைகளாகக் குடும்பம் குடும்பமாக அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு வயதான ரசிகரிடம் "உங்கள் காலத்தில் யார் பெரிய வீரர்?" என்று கேட்டுவிட்டால் அன்றைய மாலை உங்களுடையது அல்ல.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவ மண் தளம். நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள், ஒரே திசை. எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, எரிபொருள் மெத்தனால், ஒரே கியர். பிரேக் கிடையவே கிடையாது. வேகம் முழுவதையும் வலது கைதான் கட்டுப்படுத்த வேண்டும். வளைவில் பின்சக்கரம் வெளிப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருக்க, வண்டி இடப்பக்கம் போகும். இடது காலை மண்ணில் ஊன்றி வருவதற்காக அந்தக் காலணிக்கு மட்டும் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னால் வருபவருக்கு முகம் நிறைய மண். வளைவோரம் நிற்கும் ரசிகருக்கும் அதில் பங்கு உண்டு.

அந்த ரசிகர்கள் முதலில் நினைவுகூர்வது வீரர்களை அல்ல, வாசனையை. என்ஜினுக்கு ஊற்றிய எண்ணெய் ஆமணக்கு எண்ணெய், அதாவது நம் வீட்டு விளக்கெண்ணெய். அது எரிந்து எழும் இனிப்பு கலந்த புகைக்காகவே மைதானத்துக்குப் போனோம் என்று சத்தியம் செய்கிற முதியவர்களை மான்செஸ்டரில் பார்த்திருக்கிறேன். குழந்தைப் பருவத்தில் வாயைப் பிடித்துத் திறந்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட நம் தலைமுறைக்கு இந்தக் காதல் புரிவது கடினம்தான்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். 1936 முதல் 1994 வரை உலகப் பட்டம் ஒரே போட்டியில் தீர்மானிக்கப்பட்டது. 1987-இல் மட்டும் இரண்டு நாள். மற்றபடி ஒரே நாள்தான். 16 வீரர்கள், 20 ஓட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டங்கள். மற்ற 15 பேரையும் ஆளுக்கு ஒருமுறை சந்தித்துவிடுவார். முதலிடத்துக்கு மூன்று புள்ளி, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம். முழுமதிப்பெண் 15. ரசிகர்கள் நிகழ்ச்சி நிரல் புத்தகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டே வருவார்கள். அந்தப் புத்தகங்களை ஐம்பது வருடம் கழித்தும் பரணிலிருந்து எடுத்துக் காட்டுவார்கள். ஒரு சங்கிலி அறுந்தால், ஒரு தொடக்கம் பிசகினால், ஓராண்டு உழைப்பு போயிற்று. ஆண்டு முழுக்கப் படித்தவன் தேர்வன்று காய்ச்சலில் படுத்த கதை. அதனாலேயே இந்த ரசிகர்களின் நினைவில் வென்றவனுக்குப் பக்கத்திலேயே தோற்றவனும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

தொடக்கமே அப்படித்தான். ஸ்பீட்வே 1923-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்டில் ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் நடத்திய பந்தயத்தில் பிறந்தது என்பார்கள். 1928 பிப்ரவரியில் லண்டனுக்கு அருகே ஹை பீச் என்ற இடத்துக்கு வந்தபோது கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. எட்டே ஆண்டுகளில் வெம்ப்ளியில் முதல் உலகப் பட்டப் போட்டி. அன்றிரவு ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன் ஐந்து ஓட்டங்களிலும் முதலிடம், முழு 15 புள்ளிகள். அவருக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்! தகுதிச் சுற்றுகளில் சேர்த்த போனஸ் புள்ளிகளையும் கூட்ட வேண்டும் என்பது அன்றைய விதி. லயனல் வான் பிராக்குக்கும் எரிக் லாங்டனுக்கும் 26, வில்கின்சனுக்கு 25. பட்டத்துக்காக அந்த இருவரும் தனியே மறு ஓட்டம் ஓடினார்கள். கடைசி வளைவு வரை லாங்டன் முன்னே. அங்கே கிடைத்த சிறு இடைவெளியில் வான் பிராக் உள்ளே புகுந்து வென்றார். உலகின் முதல் சாம்பியன் அன்றிரவு அதிகப் புள்ளி எடுத்தவர் அல்லர். 1938-இல் வில்கின்சன் திரும்பி வந்தார். முந்தைய நாள் கழுத்தெலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டி பட்டத்தை வாங்கிவிட்டார். 1940-இல் சிட்னியில் ஒரு சாலை விபத்தில் இறந்துபோனார். பந்தயத் தளத்தில் தப்பியவர் சாலையில் தப்பவில்லை.

போர் முடிந்து 1949-இல் பட்டப் போட்டி மீண்டும் தொடங்கியது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நான்கைந்து பெயர்களே மாறி மாறி வருகின்றன. நியூசிலாந்தின் ரானி மூர் இரண்டு முறை, பாரி பிரிக்ஸ் நான்கு முறை, சுவீடனின் ஓவே ஃபுண்டின் ஐந்து முறை. ஃபுண்டின் சிவந்த தலைமுடிக்காரர், தோற்பதைச் சகிக்காதவர். அவர் ஓட்டிய நார்விச் மைதானம் 1964-இல் மூடப்பட்டது. பிரிக்ஸோ பிரிட்டிஷ் மக்களின் செல்லப்பிள்ளை. பி.பி.சி. ஆண்டுதோறும் நடத்தும் சிறந்த விளையாட்டு வீரர் வாக்கெடுப்பில் 1964-இலும் 1966-இலும் இரண்டாம் இடம் பிடித்தார். இன்று அந்தப் பட்டியலில் ஒரு ஸ்பீட்வே வீரரைக் கற்பனை செய்து பாருங்கள், அன்றைய செல்வாக்கு புரியும்.

ஆனால் மான்செஸ்டர்க்காரர்களிடம் இந்தப் பெயர்களைச் சொன்னால் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டு பீட்டர் கிராவனிடம் வந்துவிடுவார்கள். லிவர்பூலில் பிறந்த சின்ன உருவம். மான்செஸ்டரின் பெல் வூ அணிக்காக ஓட்டினார். 1955-இலும் 1962-இலும் உலகச் சாம்பியன். மற்றவர்கள் வண்டியை வலுவால் மடக்குவார்கள். அவருக்கு அந்த வலு இல்லை. உடலை அங்கும் இங்கும் நகர்த்தி, கிட்டத்தட்ட வண்டியின் மேல் ஏறி நின்று, எடையால் திருப்புவார். 'சமநிலை மந்திரவாதி' என்று அவருக்குப் பட்டப்பெயர். 1963 செப்டம்பர் 20 அன்று எடின்பரோவில் ஓர் ஓட்டம். முன்னே போன ஜார்ஜ் ஹண்டர் விழுந்துவிட்டார். அவர்மேல் ஏறாமல் இருக்க கிராவன் விலகினார், வேலியில் மோதினார். நான்கு நாள் கழித்து உயிர் போயிற்று. வயது 29. அப்போது அவருக்கு இரண்டு உலகப் பட்டங்கள். நடப்புச் சாம்பியன் பதவியை அந்த மாதத்தில்தான் ஃபுண்டினிடம் இழந்திருந்தார். இன்னும் எத்தனை வென்றிருப்பார் என்ற கணக்கை அவருடைய ரசிகர்கள் நிறுத்தவேயில்லை.

அடுத்து வருபவர் ஐவன் மேஜர். மேஜர் என்பது குடும்பப் பெயர்தான், ராணுவப் பதவி அல்ல. ஆனால் ராணுவக்காரரைப் போலத்தான் வாழ்ந்தார். கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து 1957-இல் பதின்ம வயதிலேயே லண்டன் விம்பிள்டன் அணிக்கு வந்து சோபிக்காமல் ஊர் திரும்பியவர். 1963-இல் நியூகாசிலுக்கு வந்து மறுபடி தொடங்கினார். 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று பட்டங்கள். அதற்குமுன் யாரும் செய்யாதது. மூன்றாவதையும் வென்றால் உன் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று இரண்டு அமெரிக்க ரசிகர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாக்கைக் காப்பாற்றினார்கள். அந்தத் தங்க வண்டி கிரைஸ்ட்சர்ச்சின் கேன்டர்பரி அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவருடைய திறமையை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பிரிக்ஸுக்கும் கிராவனுக்கும் கிடைத்த பாசம் அவருக்கு அந்த அளவு கிடைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் திட்டமிட்டுச் செய்பவரை மக்கள் மதிப்பார்கள். மடியில் வைத்துக் கொஞ்ச மாட்டார்கள். 1972-இல் வெம்ப்ளியில் பிரிக்ஸ் மோதலில் சிக்கி ஒரு விரலையே இழந்து வெளியேறினார். அன்று பட்டம் மேஜருக்கு, சுவீடனின் பெர்ன்ட் பெர்சனுடன் மறு ஓட்டம் ஓடி. அதை நினைவுகூர்பவர்கள் மேஜரைவிட பிரிக்ஸின் விரலைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

1973 வந்தது. போலந்தின் ஹோஷூவ் நகரிலுள்ள சிலேசிய மைதானம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். மேஜர் வென்றால் ஃபுண்டினின் ஐந்து பட்டங்களைத் தொட்டுவிடுவார். எதிரே வந்து நின்றவர் யெஜி ஷ்சாகியெல் என்ற போலந்துக்காரர். இரண்டு ஆண்டுக்கு முன் உலக இறுதிப் போட்டியில் ஒரு புள்ளிகூட எடுக்காதவர்! இருவருக்கும் 13 புள்ளி. மறு ஓட்டத்தில் ஷ்சாகியெல் முந்திக்கொண்டார். விரட்டிய மேஜர் உட்பக்கம் புக முயன்றார். முன்னே போன வண்டியின் பின்சக்கரத்தில் உரசி விழுந்தார். திட்டமிடாமல் மூச்சுவிடாத மனிதர், வாழ்க்கையின் மிகப் பெரிய கூட்டத்தின் முன்னே மண்ணில் கிடந்தார். போலந்துக்கு முதல் தனிநபர் உலகப் பட்டம். ஷ்சாகியெல் அதற்குப்பின் அந்த உயரத்தை எட்டவேயில்லை. வெளிநாட்டு ரசிகர்கள் சிலர் இதைத் தற்செயல் வெற்றி என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஐந்து ஓட்டங்களில் 13 புள்ளி தற்செயலாக வராது. அழுத்தத்தில் தவறியவர் மேஜர், அவர் அல்லர்.

மேஜர் அதை மறக்கவில்லை என்று நினைக்கிறேன். 1977-இல் கோதன்பர்க்கில் ஐந்தாவது பட்டம். அன்று இரண்டாம் இடம் பெற்றவர் பெல் வூ அணியின் பீட்டர் காலின்ஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன். முறிந்த காலோடு ஓட்டினார். 1979-இல் மேஜருக்கு ஆறாவது பட்டம், அதே ஹோஷூவ் மைதானத்தில், நாற்பதை நெருங்கும் வயதில்.

எண்பதுகளில் சண்டைக்குப் பஞ்சமில்லை. 1981-இல் வெம்ப்ளியில் 90,000-க்கும் மேற்பட்டோர் முன்னே அமெரிக்காவின் புரூஸ் பென்ஹால் வென்றார். வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டி அதுதான். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில், 14-ஆவது ஓட்டத்தில் பென்ஹாலும் இங்கிலாந்தின் கென்னி கார்ட்டரும் தோளோடு தோள் உரசி ஓட்டினார்கள். கார்ட்டர் வேலியோரம் விழுந்தார். நடுவர் விழுந்த கார்ட்டரையே நீக்கினார். பட்டம் மறுபடி பென்ஹாலுக்கு. இரண்டாமிடம் பீட்டர் காலின்ஸின் தம்பி லெஸ்ஸுக்கு. பரிசு மேடையிலேயே பென்ஹால் ஓய்வை அறிவித்துவிட்டுத் தொலைக்காட்சியில் நடிக்கப் போய்விட்டார். பென்ஹால் இடித்தாரா, கார்ட்டர் தானே விழுந்தாரா? இங்கிலாந்து ரசிகர் இருவரை ஒரு மேசையில் உட்காரவைத்து இதைக் கேட்டால், மூன்று பதில் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் ஒரே இரவு முறையின் மிகப் பெரிய பலி ஹான்ஸ் நீல்சன்தான். டென்மார்க்காரர், ஆக்ஸ்ஃபர்டு அணியின் தூண். எதிரில் அதே நாட்டின் எரிக் குண்டர்சன். 1984, 1985, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் குண்டர்சன் முதல், நீல்சன் இரண்டாம். அதில் 1985-இலும் 1988-இலும் புள்ளிகள் சமம். மறு ஓட்டத்தில்தான் கை நழுவியது. அணிகள் மோதும் லீக் ஆட்டங்களில் வாரம்தோறும் எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டவர் நீல்சன். அந்த இரவு மட்டும் அவருக்குப் பணியவில்லை. 1986, 1987, 1989 ஆகிய ஆண்டுகளில் அவரும் வென்றார் என்பது வேறு விஷயம். குண்டர்சனின் கதை 1989-இல் பிராட்ஃபர்டில் உலக அணிப் போட்டியின் முதல் ஓட்டத்திலேயே பயங்கர விபத்தில் முடிந்தது. உயிர் பிழைத்தார், மீண்டும் நடந்தார். ஓட்ட மட்டும் முடியவில்லை.

1995-இல் முறை மாறியது. பல ஊர்களில் தொடர் போட்டி, மொத்தப் புள்ளிகளைக் கூட்டி ஆண்டிறுதியில் சாம்பியன். முதல் ஆண்டே பட்டம் யாருக்கு? 35 வயது நீல்சனுக்கு! அவருடைய ரசிகர்கள் இதை அத்தாட்சிப் பத்திரம் போல நீட்டுவார்கள். நியாயம்தான். புதிய முறை சிறந்தவனைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. ஆனால் எட்டாவது போட்டியில் யார் ஜெயித்தார் என்று மூன்று வருடம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருப்பதில்லை. நீதிக்காகக் கொடுத்த விலை அது. நான் நீதியின் பக்கம்தான் நிற்கிறேன், சற்றே மனக்குறையோடு.

பெல் வூ அணியின் பழைய ஹைட் ரோடு மைதானம் 1987-இல் மூடப்பட்டது. மான்செஸ்டர் கோர்ட்டனில் 2016-இல் புது மைதானம் வந்துவிட்டது. பிரிட்டனில் வேறு பல மைதானங்கள் போன இடம் தெரியவில்லை. போலந்தில் நிலைமை தலைகீழ்: லெஷ்னோ, டோருன், கோஷூவ் வியல்கோபோல்ஸ்கி போன்ற ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்புகிறது. அந்த நாட்டின் பார்ட்டோஷ் ஸ்மர்ஸ்லிக் 2025-இல் தம் ஆறாவது உலகப் பட்டத்தைப் பெற்று, மேஜருக்கும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனுக்கும் சமமாக வந்து நிற்கிறார்.

ஆக, இப்போது புதிய விவாதம். ஆறு இரவுகளில் ஆறு பட்டமா, ஆறு பருவங்களில் ஆறு பட்டமா, எது கடினம்? ஸ்மர்ஸ்லிக்குக்கு ஒரு மோசமான நாள் வந்தால் அடுத்த போட்டியில் சரிக்கட்டலாம். மேஜருக்கு அது இல்லை. அந்தக் காரணத்துக்காக என் வாக்கு மேஜருக்கு. மான்செஸ்டர்க்காரர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், கிராவனை மறந்துவிட்டாயே என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதுவார். எழுதட்டும்.

நன்றி, வணக்கம்.