கீமோ சிகிச்சையின் நடுவே குழந்தைக்கு மாறுகண் வந்தால்

[காட்சி: கடற்கரை மணலில் பூத்திருக்கும் நித்தியகல்யாணிச் செடி]

குமரி மாவட்டத்துக் கடலோர மணலில் யாரும் நடாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியை, சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு 1960-களிலிருந்து கொடுக்கப்பட்டுவரும் வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து இந்தச் செடியிலிருந்துதான் கிடைக்கிறது. எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்கவைத்த அந்த மருந்தே, சிலருக்கு மாறுகண்ணையும் உண்டாக்கிவிடுகிறது.

[காட்சி: கண் நரம்புகளின் வரைபடம்]

புற்றணு இரண்டாகப் பிரிவதற்கு அதனுள் நுண்குழல்கள் அமைய வேண்டும். வின்கிரிஸ்டின் அவற்றை அமையவிடாமல் தடுக்கிறது. ஆனால் நரம்புகளும் தமக்கு வேண்டியவற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இதே நுண்குழல்கள் வழியாகத்தான் கொண்டுசெல்கின்றன என்பதால், கால் மரத்துப்போதல், தாடை வலி, கடும் மலச்சிக்கல் ஆகியவை வருகின்றன. அரிதாக, கண்ணை அசைக்கும் நரம்புகளும் தளர்கின்றன. அப்போது மேலிமை சரியலாம். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு தளர்ந்தால், கண் மூக்கை நோக்கி ஒதுங்கும். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகொனசோல், வொரிகொனசோல் போன்ற மருந்துகள், வின்கிரிஸ்டின் உடலிலிருந்து கழிவதைத் தாமதப்படுத்தி இந்தப் பாதிப்பைக் கூட்டக்கூடியவை.

[காட்சி: டிவி பார்க்கும் சிறுமி]

எல்லாம் இரண்டாகத் தெரிகிறது என்று நான்கு வயதுக் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு டிவி பார்க்கும். முகத்தை ஒருபக்கம் திருப்பிவைத்துப் பேசும். டம்ளரை எடுக்கக் கை நீட்டி, ஒரு விரற்கடை தள்ளிப் பிடிக்கும். சந்தேகம் வந்தால், குழந்தையை நேராகப் பார்க்கச் சொல்லி, செல்போன் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். இரு கருவிழிகளிலும் வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் விழாவிட்டால், அந்தப் படத்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாறுகண் யோகம் என்று மகிழ்வதும், கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவதும் நம் வீடுகளில் இன்றும் நடக்கின்றன. அன்பினால் செய்வதுதான், ஆனால் அதில் போகிற நாள்கள் திரும்ப வருவதில்லை. ஏனென்றால், நோய் மூளை நீருக்குள் பரவினாலும், மண்டைக்குள் அழுத்தம் கூடினாலும், அங்குள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்தாலும் கண் இதே போலத்தான் ஒதுங்கும். எம்.ஆர்.ஐ., முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை போன்றவற்றால்தான் காரணத்தைப் பிரித்தறிய முடியும். திருவனந்தபுரத்துப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெறும் குழந்தையானாலும், அடுத்த முறை போகும் தேதிவரை காத்திராமல், அன்றைக்கே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். கூடவே தலைவலியும் வாந்தியும் இருந்தால், பஸ்ஸுக்கு நிற்காமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போங்கள்.

காரணம் வின்கிரிஸ்டின்தான் என்று உறுதியானால், மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது சில தவணைகளை நிறுத்திவைப்பார். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ கண் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். அதுவரை, ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூளை ஒதுங்கிய கண்ணின் காட்சியைப் புறக்கணித்து, அதைச் சோம்பேறிக் கண்ணாக்கிவிடாமலிருக்க, நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடிவைக்கச் சொல்வார்கள். நீங்களாகவே கீமோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மருந்தே இந்தச் செடிதானே என்று நித்தியகல்யாணியை அவித்துக் கொடுப்பதும் வேண்டாம். ஊசியில் போவது குழந்தையின் உடலளவுக்கு மில்லிகிராம் கணக்கில் அளந்தது. கஷாயத்துக்கு அந்த அளவு கிடையாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.