மார்கழியில முருங்கைக்காய் எங்க போகுது? கோயம்பேடு விலைப்பட்டியலைப் பூவுலேர்ந்து படிப்போம்

[காட்சி: ராத்திரி 2 மணி. கோயம்பேடு. லாரியில தார்ப்பாய் அவிழ்க்குறாங்க.]

வணக்கம். மார்கழி மாசம், ராத்திரி ரெண்டு மணி. சென்னை தூங்குற நேரத்துலதான் கோயம்பேட்டுல வியாபாரம் சூடு பிடிக்கும். ஒரு கடை வாசல்ல காலிஃப்ளவர் மூட்டை ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கெடக்குது. போறவங்க வர்றவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விக்கிறாங்க. பத்தடி தள்ளி இன்னொரு கடை. அங்க நாலே நாலு கட்டு முருங்கைக்காய். யாரும் கூவல. சில்லறைக் கடைக்காரர் ஒருத்தர் ஒரு காயை எடுத்து லேசா வளைச்சுப் பாக்குறார், விலை கேக்குறார், வெச்சிட்டுப் போயிடுறார். முருங்கை கிலோ 300 ரூபாயைத் தாண்டின மார்கழியெல்லாம் உண்டு. அதே காய் பங்குனி, சித்திரையில சீந்துவாரில்லாம வண்டி வண்டியா வந்து நிக்கும்.

அதே குளிர்தான், அதே மார்க்கெட்தான். அப்புறம் ஏன் ஒண்ணு கொட்டிக் கெடக்குது, இன்னொண்ணு கண்ணுலயே பட மாட்டேங்குது?

"மழை, அதான் விலை ஏறிடுச்சு"ன்னு பொதுவா சொல்லிடுறோம். அது பாதிக் கணக்கு. இன்னிக்குக் கடையில இருக்குற காயோட விலை, ஒன்றரை மாசம், ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே முடிவாகிடுச்சு. அன்னிக்கு அந்தச் செடியில பூ நின்னுதா, உதிர்ந்துதா? அதை வெச்சுப் பாத்தா குளிர்கால விலைப்பட்டியல்ல பெரும்பகுதி புரிய ஆரம்பிச்சிடும்.

[காட்சி: முருங்கை மரம். மழையில தரையெல்லாம் வெள்ளைப் பூ.]

முதல்ல முருங்கை. மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், தேனி பக்கமெல்லாம் முருங்கைத் தோட்டம் நிறைய. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில உருவாக்கின பி.கே.எம்-1 ரகம் 1989-ல வெளிவந்ததுக்கு அப்புறம் செடிமுருங்கையே பெரிய சாகுபடியா மாறிடுச்சு. ஆனா எந்த ரகமா இருந்தாலும் முருங்கைப் பூவுக்குத் தேவை வெயில். ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை அடிச்சுப் பெய்யும்போது பூ கொத்தோட உதிருது. மகரந்தம் நனைஞ்சு போகுது. பூவைத் தேடி வர்ற கருவண்டும் தேனீயும் மழையில கிளம்புறதில்ல. பூ காயாகி வெட்டுக்கு வர ஏறக்குறைய ரெண்டு மாசம் ஆகும். ஐப்பசியில உதிர்ந்த பூதான் மார்கழியில இல்லாத காய். மழை விட்டதும் பனி ஆரம்பிச்சிடுது, மரம் திரும்பப் பூக்கவும் தயங்குது.

அந்த இடைவெளியை நிரப்ப குஜராத், மகாராஷ்டிராவுலேர்ந்து காய் வருது. குஜராத்லேர்ந்துன்னா 1,500 கிலோமீட்டருக்கு மேல பயணம். வந்து இறங்கும்போது நுனி கறுத்து, தோல் வாடி இருக்கும். கடைக்காரர் வளைச்சுப் பாத்தது இதுக்குத்தான். புதுக்காய் வளைஞ்சு கொடுத்துட்டு பட்டுனு ஒடியும். பழைய காய் ரப்பர் மாதிரி வளைஞ்சுகிட்டே போகும். லாரி வாடகையும் கழிவும் சேர்ந்த விலை அது. தை பொறந்ததும் கல்யாண முகூர்த்தம் ஆரம்பிச்சிடும். சாம்பாருக்கு முருங்கை வேணும்னு கேட்டரிங் ஆட்கள் மொத்தமா அள்ளிட்டுப் போவாங்க. அதனாலதான் பொங்கல் முடிஞ்சும் உடனே விலை இறங்குறதில்ல.

மதுரை மல்லிக்கும் இதே கதைதான். குளிர்ல மொட்டு வைக்கிறது குறையுது. கிலோ 2,000 ரூபாயைத் தாண்டுற மார்கழி, தை அங்க வழக்கமான ஒண்ணு.

[காட்சி: அவரை, மொச்சை, பச்சைப் பட்டாணிக் குவியல்கள்.]

இப்ப கொட்டிக் கெடக்குற பக்கம் வருவோம். ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லுவாங்களே, அந்தப் பட்டத்துல போட்ட நாட்டு அவரையும் மொச்சையும் பல மாசம் வெறும் கொடியா ஓடும். பகல் பொழுது சுருங்க ஆரம்பிச்சாத்தான் பூக்கும். நீளமான ராத்திரிதான் அதுக்கு அடையாளம். அதனால எல்லாக் கொடியும் ஏறக்குறைய ஒரே சமயத்துல காய்க்குது, மார்கழி கடைசியில மூட்டை மூட்டையா வருது. பொங்கலுக்கு ஏன் அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளின்னு ஒரு கூட்டே வெச்சிருக்காங்கன்னா, அந்த வாரம் நம்ம மண்ணுல மலிவா, நல்லா கிடைச்சது அதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம சமையல் மேலயே ஒரு மரியாதை வரும்.

பச்சைப் பட்டாணி வடக்கத்திச் சரக்கு. ஜபல்பூர், உத்தரப்பிரதேசம் பக்கம் ஐப்பசி வாக்குல விதைச்சு, டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வரும். அதுக்குக் குளிர் வேணும், வெயில் ஏறினா காய் பிடிக்காது. ஆனா பறிச்ச நேரத்துலேர்ந்தே உள்ள இருக்குற இனிப்பு மாவா மாறிகிட்டே இருக்கும். ரெண்டு காயை விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பாருங்க. கீச்சுனு சத்தம் வந்தா சமீபத்துல பறிச்சது. சத்தமே இல்லாம வழுக்கினா லாரியில நாள் கழிச்சது.

காலிஃப்ளவர் இன்னும் நேரடி. நாம சாப்பிடுறதே அதோட பூத்திரள்தான். குளிர்ல அது இறுக்கமா, வெள்ளையா கட்டும். வெயில்ல விரிஞ்சு மஞ்சளாகிடும். ஓசூர், கோலார், மாலூர் பக்கத்துலேர்ந்து வர்ற பூ இந்த மூணு மாசம் தரமாவும் இருக்கும், விலையும் கம்மி. வருஷத்துல இது ரெண்டும் சேர்ந்து அமையற காய் ரொம்பக் கம்மி.

மலைக் காய்ல கேரட்டும் குளிருக்கு இனிக்கும். ஆனா நீலகிரியில உறைபனி விழுந்தா கதை வேற. காலையில தோட்டம் வெள்ளைப் போர்வையா இருக்கும், வெயில் பட்டதும் இலை கருகிடும். அந்த வாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரத்து குறைஞ்சா, அடுத்தடுத்த நாள்ல கோயம்பேட்டுக்கும் தெரிஞ்சிடும்.

[காட்சி: தக்காளிப் பெட்டி. அருகில், காம்பைச் சுற்றி வெடிப்பு.]

இப்ப தக்காளி. இதுலதான் குழப்பம் அதிகம், அதனால கொஞ்சம் நிதானமா பாப்போம். சென்னைக்குத் தக்காளி முக்கியமா மதனப்பள்ளி, கோலார், கிருஷ்ணகிரி, பாலக்கோடு பக்கத்துலேர்ந்து வருது. மழை இதை ரெண்டு தடவை அடிக்குது. முதல் அடி அன்னிக்கே. பழுத்த பழம் தண்ணி ஏறி காம்பைச் சுத்தி வட்டமா வெடிக்கும். ரெண்டாவது அடி ஒன்றரை மாசம் கழிச்சு. அன்னிக்கு உதிர்ந்த பூவெல்லாம் பழமா வராம போறது அப்பத்தான் தெரியும். ராத்திரிக் குளிர் 13 டிகிரிக்குக் கீழ போனாலும் மகரந்தம் சரியா சேராது.

2021 நவம்பரை ஞாபகப்படுத்திப் பாருங்க. சென்னை நுங்கம்பாக்கத்துல அந்த ஒரே மாசத்துல 1,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. சித்தூர், கடப்பா, கோலார்லயும் வெள்ளம். சென்னையில தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச்சு. மழை விட்டும் ஏன் உடனே இறங்கலன்னு அப்ப எல்லாரும் கேட்டாங்க. செடியில பூவே இல்ல, அதான்.

இதுல தரம் எங்க வருதுன்னு பாருங்க. மழை வாரத்துல ஒரு கடைக்காரர் பெட்டியத் திறக்கச் சொல்றார்.

"அண்ணே, மேல மட்டும் காட்டாதீங்க. அடியில கை விட்டுப் பாக்குறேன்."

"பாரு தம்பி. நேத்து பறிச்சதுதான், ஆனா ஈரத்தோட ஏத்திட்டாங்க."

கைய விட்டா நாலஞ்சு பழம் கொழகொழன்னு வருது. கணக்குக்காக வெச்சுக்குவோம்: 15 கிலோ பெட்டி 600 ரூபாய், கிலோ 40. அதுல 4 கிலோ கழிஞ்சா மிச்சம் 11 கிலோ. இப்ப அவருக்கே கிலோ கிட்டத்தட்ட 55. வண்டி வாடகை, கூலி, அவரோட லாபம் எல்லாம் இதுக்கு மேலதான். மொத்த விலை 40-ன்னு செய்தியில வரும்போது தெருக்கடையில 70 சொல்றாங்கன்னா, எல்லா நேரமும் அது கொள்ளை இல்ல. மழை வாரத்துல முதல் ரகத்துக்கும் ரெண்டாம் ரகத்துக்கும் நடுவுல விலை இடைவெளி விரிஞ்சிடும். அதனால சராசரி விலைய மட்டும் பாத்தா நெலவரம் புரியாது.

இதுக்கு நேரெதிரா தை, மாசியில நடக்குறதுதான் மனசை வலிக்க வைக்கிறது. மழை முடிஞ்சதும் எல்லாரும் ஒரே சமயத்துல நாத்து நட்டிருப்பாங்க. வெயில் நல்லா அடிக்கும், பூவெல்லாம் நிக்கும், பழம் ஒண்ணா வந்து குவியும். அந்த மாதிரி வருஷத்துல பறிகூலி, பெட்டி வாடகை, லாரி, மண்டிக் கமிஷன் எல்லாம் போக ஒண்ணும் மிஞ்சாது. பழுத்த தோட்டத்தை அப்படியே ஆடு மாட்டுக்கு விட்டுடுறாங்க. நல்ல விளைச்சல் விவசாயிய அழ வைக்கிற கொடுமை இது. பக்கத்துல ஒரு கூழ் ஆலையோ, குளிர்கிடங்கோ இருந்தா பாதியாவது காப்பாத்தலாம். இதை வருஷா வருஷம் பேசுறோம், போதுமான அளவுக்குச் செய்யல.

[காட்சி: பெரிய வெங்காயம். விரல் கழுத்துப் பகுதியை அழுத்துது.]

வெங்காயத்துக்குப் பூக் கணக்கு பொருந்தாது, அது மண்ணுக்குள்ள விளையுறது. நாசிக் பக்கத்துப் பழைய இருப்பு ஐப்பசியில தீர்ந்துபோகும், அப்புறம் காரிஃப், அதாவது மழைக்காலப் பட்டத்துப் புது வெங்காயம் வரும். ஈரம் அதிகம், தோல் மெலிசு, வெச்சிருக்க முடியாது. அந்த அறுவடையில மழை விழுந்தா நாடே தவிக்கும். 2019-ல அதான் நடந்துது. செப்டம்பர் 29-ல ஏற்றுமதிக்குத் தடை போட்டும் டிசம்பர்ல கிலோ 100 தாண்டி, எகிப்து வெங்காயம் கோயம்பேடு வரைக்கும் வந்துது. 2023 டிசம்பர் 8-லயும் ஏற்றுமதித் தடை வந்துது. வாங்கும்போது கழுத்தை அழுத்திப் பாருங்க. மெத்துனு இருந்தா ஒரு வாரம் தாங்காது. மார்கழியில மூட்டையா வாங்கி வைக்காதீங்க.

[காட்சி: தெருவோர முருங்கை மரம், கிளை நுனியில மொட்டு.]

உங்க தெருவுல ஒரு முருங்கை மரம் இருந்தா, தை கடைசியில அண்ணாந்து பாருங்க. கிளை நுனியில வெள்ளைப் பூ கொத்துக் கொத்தா நின்னு, அடியில ரொம்ப உதிராம இருந்தா, அன்னிலேர்ந்து ரெண்டு மாசம் எண்ணிக்குங்க. பங்குனியில அதே கோயம்பேட்டுல, நாலு கட்டு கெடந்த அந்த வாசல்ல, முருங்கைக்காய ஆள் கூப்பிட்டு வித்துகிட்டு இருப்பாங்க.