லோயர் சர்க்யூட்ல மாட்டின சின்ன பங்கு: வச்சிருக்கவா, வித்துடவா?

அடுத்து ஒரு நேயர் கேட்டிருக்காரு: "சார், 84 ரூபாய்க்கு 1,500 பங்கு வாங்கினேன். 140 வரைக்கும் போச்சு, விக்கல. இப்ப 52. அஞ்சு சதவீத சர்க்யூட்ல இருக்கு. வச்சிருக்கவா, விக்கவா, இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணவா?"

சர்க்யூட்னா ஒரு நாள்ல விலை இதுக்கு மேல ஏறவோ இறங்கவோ கூடாதுன்னு வச்சிருக்கற எல்லை, கீழ் எல்லைதான் லோயர் சர்க்யூட். ஆவரேஜ்னா இறங்கின விலையில இன்னும் வாங்கி, சராசரி வாங்கின விலையைக் குறைக்கறது. சார், முதல்ல அந்த 84-ஐ மறந்துருங்க, 140-ஐயும் சேர்த்து. இன்னிக்கு உங்ககிட்ட இருக்கறது 78,000 ரூபாய். அது ரொக்கமா கையில இருந்தா இதே கம்பெனியில போடுவீங்களா? 52-ல இருந்து 84-க்கு வரணும்னா 61 சதவீதத்துக்கு மேல ஏறணும். அந்த அளவுக்கு ஏற கம்பெனியில என்ன இருக்குன்னுதான் பார்க்கணும்.

எக்ஸ்சேஞ்ச் தளத்துல ஷேர்ஹோல்டிங் பேட்டர்னை, அதாவது யார் எவ்வளவு பங்கு வச்சிருக்காங்கங்கற பட்டியலை, எடுங்க. காலாண்டு முடிஞ்சு 21 நாளுக்குள்ள வந்துரும். ப்ரொமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில வச்சிருக்கற முதலாளி, தன் பங்குல எவ்வளவைக் கடனுக்கு அடமானம் வச்சிருக்காருன்னு பாருங்க. ஒவ்வொரு காலாண்டும் அது ஏறிக்கிட்டே வந்தா ஆபத்து. விலை இறங்க இறங்க கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேப்பாரு, கிடைக்கலன்னா அடமானப் பங்கையே சந்தையில தள்ளிடுவாரு, விலை இன்னும் சரியும்.

அடுத்து கேஷ் ஃப்ளோ. லாபம் காட்டுறாங்க, ஆனா தொழில்ல இருந்து வர்ற பணம் ரெண்டு மூணு வருஷமா மைனஸ், வர வேண்டிய பாக்கி விற்பனையை விட வேகமா ஏறுது. அப்படின்னா விக்கறதுதான் சரி. கணக்கைத் தணிக்கை பண்ற ஆடிட்டர் பாதியில விலகியிருந்தா வேற எதையும் பார்க்கவே வேண்டாம், வித்துடுங்க.

இதெல்லாம் சுத்தமா இருந்து, ஒரு ஆர்டர் தள்ளிப்போனது மாதிரி காரணம்னா, அடுத்த ரிசல்ட் வரைக்கும் வச்சிருங்க. ரிசல்ட் காலாண்டு முடிஞ்சு 45 நாளுக்குள்ள வரணும், மார்ச் காலாண்டுக்கு மட்டும் 60 நாள். ரிசல்ட் பார்க்காம ஆவரேஜ் பண்ணாதீங்க.

விக்கறதுன்னு முடிவானா, ஸ்டாப் லாஸை, அதாவது குறிச்ச விலைக்கு இறங்கினா தானா விக்கப் போகற ஆர்டரை, நம்பாதீங்க. லோயர் சர்க்யூட்ல வாங்க ஆளே கிடையாது. ட்ரிகர் ஆகும், ஆர்டர் சும்மா நிக்கும். அஞ்சு நாள் தொடர்ந்து அடிச்சா 52 கிட்டத்தட்ட 40-க்கு வந்துரும். ஒரே விலையில நிக்கற ஆர்டர்ல முதல்ல போட்டவருக்குத்தான் முதல்ல விக்கும், அதனால காலையில 9 மணிக்கே, வழக்கமான வியாபாரத்துக்கு முந்தின ப்ரீ-ஓப்பன்லயே, சர்க்யூட் விலைக்கு லிமிட் ஆர்டர் (இந்த விலைக்குக் கீழ விக்காதேன்னு சொல்ற ஆர்டர்) போட்ருங்க. அன்னிக்கு விக்கலன்னா மறுநாள் புது விலைக்குத் திரும்பப் போடணும்.

சர்க்யூட் திறந்து வியாபாரம் நடக்குதுன்னா வேற மாதிரி. ஒரு நாள்ல கைமாறுறதே 4,000 பங்குதான்னா, 1,500-ஐயும் மார்க்கெட் ஆர்டர்ல, அதாவது கிடைச்ச விலைக்கு, கொட்டினா உங்க ஆர்டரே விலையை இறக்கிடும். முந்நூறு, நானூறா பிரிச்சு லிமிட்ல விடுங்க. எஸ்எம்இ, அதாவது சின்ன, நடுத்தர கம்பெனிகளுக்கான தனிப் பிரிவுல இருக்கற பங்குன்னா, லாட் கணக்குலதான், அதாவது குறிச்ச எண்ணிக்கைக் கட்டாத்தான் விக்கணும், இப்படிப் பிரிக்க முடியாது.

இப்ப வித்தா நஷ்டம் 48,000. வாங்கி 12 மாசம் ஆகலன்னா அது குறுகிய கால மூலதன நஷ்டம். வேற பங்குல வந்த குறுகிய கால லாபம், நீண்ட கால லாபம் ரெண்டுலயும் கழிச்சுக்கலாம். மிச்சத்தை எட்டு வருஷம் எடுத்துட்டுப் போகலாம். ஆனா ரிட்டர்னைக் கெடு தேதிக்குள்ள தாக்கல் பண்ணியிருக்கணும்.