கேட்டவர்கள் எழுதிய வரி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஒரு பாட்டை முழுமையாக்குவது எழுதியவரா, கேட்டவரா?’ என்பது இன்றைய தலைப்பு. எழுதியவரே என்று முழங்கிய எதிரணித் தலைவர், “கூட்டத்துக்குக் கைதட்டத் தெரியும், ஒரு வரி எழுதத் தெரியுமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, அந்தக் கூட்டத்தின் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். தெரியும் ஐயா. அமெரிக்காவரை வாருங்கள், காட்டுகிறேன்.

‘வி ஷால் ஓவர்கம்’, அதாவது ‘நாம் வெல்வோம்’. கறுப்பின மக்களின் உரிமைப் போரில் ஊர்தோறும் ஒலித்த பாட்டு. அதன் வேர் தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே அது ‘நான் வெல்வேன்’ என்ற பாட்டு. 1945இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். மறியல் முடிந்து கலையும் நேரத்தில் லூசில் சிம்மன்ஸ் என்ற தொழிலாளி அந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார். அந்த வாசலில் ‘நான்’ போய் ‘நாம்’ வந்தது. கூலி உயர்வு கேட்டு நிற்கும் இடத்தில் ஒருத்தி மட்டும் வென்று என்ன செய்வது?

பாட்டு அங்கிருந்து, தொழிலாளர்களுக்கும் உரிமைப் போராளிகளுக்கும் பயிற்சி தந்த டென்னசி மாநிலத்தின் ஹைலேண்டர் பள்ளிக்குப் போனது. அந்தப் பள்ளியாரிடம் அதைக் கற்றுக்கொண்ட பாடகர் பீட் சீகர் ஊர் ஊராகப் பாடினார். பெரிய கலைஞர், அவரை எதிரணியே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு 1959 ஜூலை மாதத்தின் ஓர் இரவு போதும். அந்தப் பள்ளிக்குள் போலீஸ் புகுந்தது. விளக்குகள் அணைந்தன. இருட்டில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பாடத் தொடங்கினார்கள். பாட்டின் நடுவே அதுவரை இல்லாத ஒரு வரி எழுந்தது: ‘எங்களுக்கு அச்சமில்லை.’ அன்று அங்கே 14 வயதுச் சிறுமியாக இருந்தவர் பின்னாளில் சொன்னார்: ஒரு போலீஸ்காரர் நடுங்கிக்கொண்டே வந்தாராம். “பாடித்தான் தீரவேண்டும் என்றால், இவ்வளவு சத்தமாகவா பாடவேண்டும்?” என்று கேட்டாராம். எந்த மகாகவியின் வரிக்கு ஐயா இப்படியொரு விமர்சனம் கிடைத்திருக்கிறது?

‘காப்புரிமைப் பத்திரத்தில் கலைஞர்களின் பெயர்கள்தானே இருந்தன?’ என்பார்கள். இருந்தன. அதில் வந்த பணத்தை அவர்கள் தங்கள் பையில் போட்டுக்கொள்ளவில்லை, ஹைலேண்டருக்கே எழுதிக் கொடுத்தார்கள். வழக்கு நடந்து, 2018இல் பாட்டும் பொதுச் சொத்தாகிவிட்டது. பெயர் போட்டவர்களுக்கே இருந்த அடக்கம் எதிரணிக்கு இல்லையே!

முதல் வரிக்கு ஒருவர் வேண்டும். அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்த ‘அச்சமில்லை’யை எடுத்துவிட்டு இந்தப் பாட்டை ஒருமுறை பாடிக் காட்டட்டும். என் மிச்ச நேரத்தையும் அவருக்கே தருகிறேன், நடுவர் அவர்களே.