மூளைக்கட்டி நோயாளிக்கு வலிப்பு வந்தால்: கூட இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்

நேயர்களுக்கு வணக்கம். மூளையில் கட்டி உள்ளவர்களில் பலருக்கு ஃபிட்ஸ் வரும். சிலருக்குக் கட்டி இருப்பதே அதனால்தான் தெரியவரும். அப்போது பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

காட்பாடி ஸ்டேஷனில் ஒருவர் வலிப்பு வந்து விழட்டும், நாலு பக்கத்திலிருந்தும் சாவிக்கொத்து நீளும். 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் நம்ம வேலூர். இங்கேயும் சாவிதான்! பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாக அடங்கிவிடும். சாவியைத் தேடி, மூடின கையைப் பிரித்துத் திணிப்பதற்குள் அந்த நேரம் ஓடிப்போகும். நல்ல பேர் மட்டும் இரும்புக்கு. வாயில் ஸ்பூன் வைப்பது இன்னும் மோசம்: பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகலாம். நாக்கை யாரும் விழுங்கிவிட மாட்டார்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். ஆரம்பித்த நேரம் முக்கியம். கை கால்களை அமுக்காதீர்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். உதறல் குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியட்டும். முழுசாக நினைவு வரும்வரை தண்ணீரும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். 5 நிமிஷம் தாண்டினாலோ, தெளியாமல் மறுபடி வந்தாலோ, அதுவே முதல் தடவை என்றாலோ 108. வலிப்பை அடக்க மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்ப்ரே டாக்டர் கொடுத்திருந்தால், எப்போது, எத்தனை முறை அடிப்பது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. இதைத்தான் நிறைய பேர் கவனிப்பதில்லை. வாயோரம் மட்டும் இழுக்கும். கட்டைவிரல் மட்டும் துடிக்கும். இல்லாத தீய்ந்த வாடை அடிக்கும். பேச்சு அரை நிமிஷம் நின்றுபோகும். வீட்டில் "சாப்பிடாத மயக்கம்" என்று விட்டுவிடுவார்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், எந்தப் பக்கம் முதலில் துடித்தது, எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். கூட இன்னொருவர் இருந்தால் செல்போனில் வீடியோ எடுக்கட்டும். டாக்டருக்கு அது பெரிய உதவி. வலிப்புக்குப் பிறகு ஒரு கை சில மணி நேரம் தொய்ந்து போகலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். முதல் தடவை அப்படி ஆனால் மட்டும் வீட்டில் காத்திருக்காதீர்கள்.

மாத்திரைக்கு வருவோம். வலிப்பு வராமல் தடுக்கத் தரும் லெவெட்டிராசெட்டம் பொதுவாகக் காலை 8, இரவு 8 என்று 12 மணி நேர இடைவெளியில். ஆபரேஷன் ஆயிற்றே, ஆறு மாசமாக வரவில்லையே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி வரலாம். குடியாத்தத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறுகிறீர்களா? மாத்திரை கைப்பையில் இருக்கட்டும், மேலே ஏற்றிவைத்த மூட்டையில் வேண்டாம். ஸ்கேனுக்கு வெறும் வயிறு என்று சொன்னால், மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போடலாமா என்று முதல் நாளே கேளுங்கள். இந்த மாத்திரையால் சிலருக்குக் கோபம் ஏறும். "மனுஷனே மாறிட்டாரு" என்று வீட்டில் அழுவார்கள். டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார். மூளை வீக்கத்துக்குத் தரும் டெக்சாமெத்தசோனையும் திடீரென நிறுத்தக் கூடாது.

நேரம் நெருங்கிவிட்டது. வண்டி ஓட்டுவது டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான். கிணறு, ஏரிக் குளியல் வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து மக்கில் மொண்டு குளிக்கட்டும். பாத்ரூம் கதவைச் சாத்தலாம், தாழ்ப்பாள் போட வேண்டாம்.