26 வயசு, காலேஜ் வேலை, இனிமே காட்டு ஆராய்ச்சிக்கு வர முடியுமா?

அடுத்த கேள்வி ஒரு தங்கச்சி கேட்டிருக்கு, அப்படியே படிக்கிறேன். "அண்ணா, எம்எஸ்சி ஜுவாலஜி முடிச்சிட்டு காலேஜ்ல பாடம் எடுத்துட்டு இருக்கேன், 26 வயசாச்சு, வைல்ட்லைஃப் சயின்டிஸ்ட் ஆகணும்னு ஆசை, ஆனா என்கிட்ட நல்ல கேமரா கூட கிடையாது, லேட் ஆயிடுச்சா?"

இல்லம்மா, லேட்டே இல்ல. உன்ன மாதிரியே காலேஜ்ல ஜுவாலஜி பாடம் எடுத்துட்டு இருந்த ஒருத்தரப் பத்திச் சொல்றேன், ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரிக்காரர், 1945ல பொறந்தவர், அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர்ஸ். மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சிட்டு சிவகாசில அய்ய நாடார் ஜானகி அம்மாள் காலேஜ்ல வாத்தியாரா இருந்தார். கர்நாடகால இருக்கற பந்திப்பூர் காட்டுக்குள்ள செந்நாய் ஆராய்ச்சிக்குப் போனது 1976ல, அப்போ அவருக்கு 30 வயசு. நீ 26க்கே கவலப்படுற.

செந்நாய ஏன் எடுத்தார்னு யோசிச்சுப் பாரு. அந்தக் காலத்துல செந்நாய்னாலே எல்லாருக்கும் வெறுப்பு, மான உயிரோட இருக்கும்போதே கடிச்சுத் தின்னும், காட்டையே காலி பண்ணிடும்னு சொல்லி வெள்ளக்காரன் காலத்துலேர்ந்தே கொன்னவனுக்கு சன்மானம் குடுத்துட்டு இருந்தாங்க, 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அது நின்னுச்சு. சட்டம் வந்து நாலு வருஷத்துல ஒருத்தர் போய், சரி இது நெஜமா என்னதான் பண்ணுதுன்னு கூடவே நடந்து பாக்குறார். இந்தியால பெரிய மிருகத்த அதோட காட்டுலயே வச்சு ஒரு இந்தியர் பண்ண முதல் ஆராய்ச்சின்னு இதத்தான் சொல்றாங்க, அதுக்கு முன்னாடி 1960கள்ல மத்தியப் பிரதேசத்துல கான்ஹா காட்டுல ஜார்ஜ் ஷாலர் பண்ணது பெரிய வேலைதான், ஆனா அவர் வெளிநாட்டுக்காரர்.

இப்போ கேமரா விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதத்தான் நெறைய பேர் கேக்குறீங்க. செந்நாய் பகல்ல வேட்டையாடுற மிருகம், காலைலயும் சாயங்காலமும்தான் ஓடும், அதனால கண்ணால பாக்க முடியும். அதுவும் எல்லா நாளும் கெடைக்காது. புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் குடுக்குதா, காக்கா ஒரே எடத்துல எறங்குதா, கழுகு சுத்துதான்னு பாத்துதான் அது அடிச்ச இரை கெடக்குற எடத்தயே கண்டுபிடிக்கணும். மிச்சம் கெடக்குற தாடை எலும்பு கெடச்சா பல்லு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து அந்த மானோட வயச கணிப்பாங்க. செந்நாய் போட்ட எச்சத்தப் பொறுக்கி, கழுவி, காயவச்சு, அதுல இருக்கற முடிய மைக்ராஸ்கோப்ல பாத்தா அது புள்ளிமானா கடமானா முயலான்னு தெரியும், ஏன்னா ஒவ்வொரு மிருகத்தோட முடிக்கும் உள்ளமைப்பு வேற வேற. நாத்தம் புடிச்ச வேலைதான்மா, ஆனா இந்த ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே அதுதான், நானும் ஃபீல்ட்ல இருந்தப்ப மாசக்கணக்கா இதே வேலதான் பாத்தேன், அந்த நாளுங்கள எனக்கு அவ்வளவு புடிக்கும்.

பொறுமையும் வேணும். பந்திப்பூர்ல 1976லேர்ந்து 78 வரைக்கும் இருந்தார்ல, அங்க புலி, சிறுத்த, செந்நாய் மூணும் ஒரே காட்டுல எதெத இரையா எடுக்குதுன்னு ஒப்பிட்டு அவர் எழுதின கட்டுரை வெளிவந்தது 1992ல! 14 வருஷம். பந்திப்பூர் வேலை முடிஞ்சதும் அமெரிக்கால ஸ்மித்சோனியன்ங்கற ஆராய்ச்சி நிறுவனத்துல ஆராய்ச்சி பண்ணிட்டு திரும்பி வந்து பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டில யானை ப்ராஜெக்ட், அப்புறம் 1985லேர்ந்து 2005 வரைக்கும் டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிடியூட்ல வாத்தியார். இன்னிக்கு நம்ம நாட்டுல இருக்கற நெறைய ஆராய்ச்சியாளருக்கும் வனத்துறை ஆபீசருக்கும் அவர்தான் குரு.

எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது உத்தரகாண்ட்ல இருக்கற ராஜாஜி காட்டு விஷயம். அங்க கங்கைக்கு ஒரு பக்கம் சில்லா காடு, இன்னொரு பக்கம் மோதிச்சூர் காடு, யானை ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வரணும். ஆனா குறுக்க மின்சாரம் எடுக்க வெட்டுன கால்வாய், ரோடு, ரயில் பாதை, ராணுவ வெடிமருந்துக் கிடங்கு, அணை கட்டுனதால எடம் மாத்தப்பட்ட ஜனங்களோட ஊரு, எல்லாம் இருந்துச்சு. அந்த வழியத் தொறந்து விடணும்னு அவர் வருஷக்கணக்கா எழுதிட்டும் பேசிட்டும் இருந்தார். செந்நாய் என்ன திங்குதுன்னு பாக்கப் போன மனுஷன் கடைசில ரயில் பாதையப் பத்தியும் மேம்பாலத்தப் பத்தியும் பேச வேண்டியிருக்கு பாத்தியா, மிருகத்த மட்டும் தெரிஞ்சா பத்தாது, மனுஷங்களுக்கு எடம் வேணும்ங்கறதும் நெஜம், ரெண்டயும் சேத்துப் பாக்கத் தெரியணும். 2024 ஜூன்ல அவர் இறந்துட்டார், கடைசி வரைக்கும் காடு காடுன்னுதான் இருந்தார்.

அதனால வேலைய உடனே விட்றாதம்மா. அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள எதையும் பொறுக்கக் கூடாது, அது சட்டப்படி தப்பு, அதனால மொதல்ல உங்க காலேஜச் சுத்தி இருக்கற குளம், பொறம்போக்கு, கரடு எதாவது ஒண்ண எடுத்துக்கோ. வாரத்துல ரெண்டு நாள் ஒரே நேரத்துல, ஒரே வழியா நடந்து, பாத்தத அன்னிக்கே தேதி, நேரம், எண்ணிக்கையோட நோட்ல எழுது, எதுவும் கண்ணுல படலன்னாலும் படலன்னு எழுது. கொஞ்சம் ஸ்டாடிஸ்டிக்ஸ் படி, அதுல வீக்கா இருந்தா பின்னாடி ரொம்ப கஷ்டப்படுவ. ஒரு வருஷ நோட்ட கையில வச்சிட்டு பிஎச்டி கைடுகிட்ட போய் நில்லு, கேமரா இருக்கான்னு அவங்க கேக்க மாட்டாங்க, நோட்டப் புரட்டித்தான் பாப்பாங்க.